பிடரியில் பிடிக்கும் தலைவலி: இரண்டு வருடம் கைரோபிராக்டிக் பார்த்த அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் பத்தொன்பது வருடமாகப் பிளவுஸ் தைக்கிறேன். தலைவலி 2021 வாக்கில் ஆரம்பித்தது. வலது பிடரியில் பிடிக்கும், காதுக்கு மேலாக ஏறும், வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இடது பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. கண்ணாடி மாற்றினேன், சைனஸ் என்று ஆவி பிடித்தேன். கடைசியில் மெடிக்கலில் வாங்கும் மாத்திரைதான். பொங்கல் சீசனில் வாரத்துக்கு நாலு நாள் போட்டேன்.

நரம்பு டாக்டர் ஒருவரிடம் போனபோது பிடரியில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். கண்ணில் வலித்தது. எனக்கே ஆச்சரியம். மேல்கழுத்து நரம்புகளும் முகத்து நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன, அதனால் கழுத்துக் கோளாறு நெற்றியிலும் கண்ணிலும் வலியாகத் தெரியும் என்றார். மாதத்தில் பத்து, பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும் என்றும் சொன்னார். அது சுருக்கென்று இருந்தது.

அப்புறம்தான் தம்பி சொல்லிப் பாளையங்கோட்டையில் கைரோபிராக்டிக், அதாவது முதுகு, கழுத்து மூட்டுகளைக் கையால் அழுத்தித் திருகும் வைத்தியம், பார்க்கிற ஒருவரிடம் போனேன். ஒரு தடவைக்கு 800 ரூபாய், பன்னிரண்டு தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் 8,000. யோசிக்காமல் கட்டிவிட்டேன்.

முகம் வைக்க ஓட்டை போட்ட மேசையில் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தினார். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைக் கையில் ஏந்தி ஒரு திருகு. டக், டக். எலும்பு விலகியிருந்தது, இடத்துக்கு வந்துவிட்டது என்றார். அப்படியெல்லாம் எலும்பு விலகிக் கிடக்காது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு குமிழியிடும் சத்தம் அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1895இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பாமர் தொடங்கிய முறை இது. ஏறக்குறைய எல்லா நோய்க்கும் எலும்பு விலகல்தான் காரணம் என்பது அவர் கட்சி. அந்தப் பேச்சு நான் போன பாளையங்கோட்டை அறையில் இன்னும் படமாகத் தொங்குகிறது.

சுகம் இல்லையென்று சொல்லமாட்டேன். வெளியே வரும்போது தலை பஞ்சு மாதிரி இருக்கும். பஸ் பத்தமடை தாண்டும் வரை நன்றாக இருக்கும், அதிகம் போனால் மூன்று நாள். பிறகு பழைய இடத்திலேயே பிடிக்கும். "ஏட்டி, கழுத்தைத் திருகிட்டு வாரதுக்கா எண்ணூறு ரூவா?" என்பாள் அம்மா.

நாலாம் தடவை திருகிய பிறகு அரைமணி நேரம் தலை சுற்றியது. அந்தப் படியில் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுதேன். நரம்பு டாக்டரிடம் சொன்னதற்குத் திட்டினார். கழுத்து எலும்போடு சேர்ந்து மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இருக்கிறது, வேகமாகத் திருகும்போது அரிதாக அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு என்றார். அதோடு திருகலை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு போன ஐந்து தடவையும் மெதுவாகக் கையால் அசைத்துவிடுவதும் உடற்பயிற்சியும்தான். மோவாயைப் பின்னால் இழுத்துப் பத்து எண்ணும் பயிற்சியைப் பாளையங்கோட்டைக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். 8,000 ரூபாயில் உருப்படியாக வந்தது அதுதான் என்பேன்.

இன்னொன்று நானே செய்தது. மோட்டார் மிஷின் மேசையின் நாலு காலுக்கும் கீழே கட்டை வைத்தேன். துணி கண்ணுக்கு அருகில் வந்ததும் கழுத்து தானாக நிமிர்ந்தது. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நூல் கண்டு எடுக்கப் போவேன், வேண்டாவிட்டாலும்.

வலித்த நாளைக் காலண்டரில் சுழித்துவைப்பேன். ஆரம்பத்தில் மாதத்துக்குப் பதினாறு சுழி, இப்போது மூன்று நாலு. எது குறைத்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாத்திரையைக் குறைத்ததும் காரணமாக இருக்கும்.

இதுவரை வராத மாதிரி திடீரென்று இடிபோலத் தலைவலி வந்தாலோ, காய்ச்சலோடு வந்தாலோ, கை மரத்துப்போனாலோ யாரும் இந்த மாதிரி இடத்துக்குப் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவுக்கும் பிடரி வலி உண்டு. சுளகை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றி நாற்பது வருடம். சுளகைப் பலகையில் உயர்த்தி வைத்துக்கொடுத்தேன். "மடியில இல்லாட்டா கை ஓடாது" என்று அன்றைக்கே இறக்கிவிட்டாள். என்னுடைய அட்டையில் இன்னும் மூன்று தடவை பாக்கி இருக்கிறது. பணம் திருப்பித் தரமாட்டார்களாம், வேறு ஆளுக்கு மாற்றவும் முடியாதாம்.