ஜூம் வழியே ஊசியும் நூலும்: ஐந்து வருட அனுபவம்

2020 ஊரடங்கில் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, கற்க ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு வருடம் மாணவியாக இருந்துவிட்டு, 2022-இலிருந்து திருப்பூரில் என் வீட்டு மேஜையில் இருந்தே வாரம் ஒரு நாள் கிழிசல் தைக்கும் வகுப்பு எடுக்கிறேன்.

முதல் வகுப்பு சரியில்லை. இருபத்திரண்டு பேர். திரையில் பெரிதாகத் தெரிந்தது டீச்சரின் முகம்; கை ஒரு மூலையில். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் கட்டைவிரல் படத்தைத் தட்டுவோம். பதிவு செய்த வீடியோ முப்பது நாள்தான் கிடைக்கும் என்பதைப் பணம் கட்டிய பிறகு சொன்னார்கள். இன்னொரு விஷயத்தைச் சொல்லவே இல்லை. குரோஷாவில் பிரிட்டன் பெயர்கள் வேறு, அமெரிக்கப் பெயர்கள் வேறு. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். நான் கற்றது பிரிட்டன் முறை, கையில் கிடைத்த பேட்டர்ன் அமெரிக்க முறை. அக்கா பையனுக்குப் போட்ட தொப்பி தேங்காய்ச் சிரட்டைக்குத்தான் பொருந்தியது.

அடுத்துச் சேர்ந்த தையல் வகுப்பில் ஆறே பேர். அந்த டீச்சர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, "துணியைத் திருப்பிப் பின்பக்கம் காட்டுங்க" என்பார். முதலில் கூச்சமாக இருந்தது. முன்பக்கம் அழகாக இருக்கும், பின்பக்கம் எலிக்கூடு. ஆனால் நான் தைக்கக் கற்றது அங்கேதான். இணைய வகுப்பில் சேர நினைப்பவர்கள், டீச்சர் கை நம் கண்ணுக்குத் தெரியுமா என்பதோடு, நம் கையை டீச்சர் பார்ப்பாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இருபது பேர் இருந்தால் பார்க்க முடியாது.

கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததும் முதல் எதிரி கேமராதான். போனைப் புத்தக அடுக்கின் மேல் குப்புற நிறுத்தினேன். வகுப்பு நடுவே டீ டம்ளருக்குள் விழுந்தது. பிறகு மேஜையில் கவ்வும், வளையும் கழுத்துள்ள ஸ்டாண்டு வாங்கினேன். கை அசையும்போதெல்லாம் கேமரா ஃபோகஸ் மாறி மங்கும். என் போனில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிய பிறகுதான் நின்றது. வலது கைக்காரர்களுக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கை நிழல் தையல் மேலேயே விழும். முகத்துக்கு லேப்டாப், கைக்குப் போன் என்று இரண்டிலும் சேர்ந்தால் ஒன்றில் ஆடியோவை இணைக்கவே கூடாது; 'கொய்ங்' என்று காது கிழியும். ஜூம் இலவசக் கணக்கின் 40 நிமிட வரம்பை எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அது வசதி. துண்டித்ததும் கண்ணுக்குப் பத்து நிமிடம் ஓய்வு, அப்புறம் மறுபடி சேர்வோம்.

இழையோட்டுவதை, அதாவது ஓட்டையை நூலாலேயே நெய்து அடைப்பதைக் காட்ட நான் நிஜமான கிழிசலை எடுப்பதில்லை. முரட்டு நீலத் துணியில் ஓட்டை போட்டு, மஞ்சள் கம்பளி நூலால் தைக்கிறேன். ஓட்டைக்கு அடியில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் துணி விறைப்பாக நிற்கும். ஓட்டையின் விளிம்பில் ஆரம்பிக்கக் கூடாது. சுற்றிலும் அரை அங்குலம் நல்ல துணியிலிருந்து தொடங்கி முதலில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓட வேண்டும். பிறகு குறுக்கு நூலான ஊடையை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கடுகளவு வளையம் விட வேண்டும். நூல் துவைத்ததும் சுருங்கும். வளையம் இல்லாவிட்டால் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் நெய்த துணிக்கு. பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது, நீளும். அதில் நேரான ஓட்டுத் தையல் போட்டால் தலையில் மாட்டும்போதே நூல் அறுந்துவிடும். அதே மாதிரி நீளும் துண்டை உள்பக்கம் வைத்து, நூலைத் தளர விட்டுத் தைக்கச் சொல்கிறேன். கட்பீஸ் மலிவாகக் கிடைக்கும் ஊரில் பனியனுக்கு ஒட்டுப் போடச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இடது கைக்காரர்களுக்காகப் பாடத்தைப் பதிவு செய்து, போனிலேயே இடவலமாகத் திருப்பி அனுப்புகிறேன். ஜூமில் இருக்கும் 'மிரர்' வசதி நம் திரையில் மட்டும்தான் படத்தைத் திருப்பும். இது தெரியாமல் இரண்டு வகுப்பு வீணானது.

திரை வழியே முடியாதவையும் உண்டு. நூல் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது தொட்டால்தான் தெரியும். துணி சுருங்கிய பிறகுதான் நான் கவனிக்கிறேன், அதற்குள் பிரிக்க வேண்டியதாகிவிடும். நிறமும் ஏமாற்றும், என் போனில் அரக்கு சிவப்பாகத் தெரிகிறது. அதனால் பட்டுப்புடவையை இணையத்தில் தொடுவதே இல்லை. மடிப்பில் கிழிந்த பட்டை, கிழிசல் தெரியாமல் இழை சேர்க்கும் நல்ல ரஃபு ஆளிடம் கொடுங்கள் என்றே சொல்வேன்.

போன மாதம் கோபிசெட்டிபாளையத்து அம்மா ஒருவர் தன் முதல் பெரிய கிழிசலைத் தைத்து முடித்ததாகச் சொன்னார். வீட்டுக்காரரின் லுங்கி. வழக்கம்போல, பின்பக்கம் காட்டுங்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதை அவரு கட்டிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டாருங்க அம்மணி. சாயங்காலம் வந்ததும் காட்டட்டுங்களா?"