கடலோர ஊரில் காசுகளுக்குக் கேப்சூல்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நாணயக் கேப்சூல், அதாவது காசை உள்ளே வைத்து மூடும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு, வாங்க நினைப்பவர்கள் எடுத்ததும் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. உள்ளே வைக்கப்போவது என்ன உலோகம், எந்த நேரத்தில் மூடப்போகிறோம் என்ற இரண்டும் அதற்கு முன்னால் வர வேண்டும். நான் இருப்பது கடலூரில், கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில். ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள் என்று எதையும் உப்புக் காற்று விட்டுவைக்காது. வெள்ளி ரூபாய், பழைய செப்புக் காசு, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நினைவு நாணயங்கள் எல்லாம் கலந்த சேகரிப்பு என்னுடையது. உருண்டைக் கேப்சூல், சதுரக் கேப்சூல், அட்டை ஹோல்டர், பிளாஸ்டிக் ஃபிளிப் (காசு போடும் சின்ன உறை), ஆல்பம் அத்தனையும் ஒரே வீட்டில் வருடக்கணக்காக இருந்திருக்கின்றன. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஆல்பத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சேதம் அங்கேதான் அதிகம். ரெக்சின் அட்டை போட்டு, மெத்தென்று வளையும் பைகளோடு வரும் மலிவு ஆல்பங்கள் பெரும்பாலும் பி.வி.சி. அந்தப் பிளாஸ்டிக் வளைய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாக ஆகக் கசியும். பி.வி.சி.யில் இருக்கும் குளோரினும் மெல்ல வெளியேறி அமிலமாகி உலோகத்தைப் பிடிக்கும். செம்பும் செம்பு கலந்த வெள்ளியும்தான் முதல் பலி. பச்சையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் காசின் மேல் வரும். ஆரம்பத்தில் மங்கலான பால் நிறமாகத்தான் தெரியும், விளக்கில் சாய்த்துப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். அந்த நிலையில் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் படலம் கரைந்துவிடும். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பு பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். கேப்சூலை மட்டும் அசிட்டோன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அக்ரிலிக்கும் பாலிஸ்டைரீனும் அதில் கரைந்து பாழாகும். பச்சை ஆழமாக இறங்கிவிட்டால் உலோகமே அரிக்கப்பட்டிருக்கும், அதற்கு மருந்து கிடையாது.

கையில் இருக்கும் ஃபிளிப் பி.வி.சி.யா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புது ரெக்சின் பை மாதிரி வாசனை அடித்தால் சந்தேகப்படலாம். உறுதியாகத் தெரிய பெய்ல்ஸ்டீன் சோதனை இருக்கிறது, 1872இலிருந்து வேதியியலில் புழக்கத்தில் உள்ளது. செம்புக் கம்பியின் நுனியைத் தீயில் பழுக்கக் காட்டி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடியும் தீயில் காட்டினால், குளோரின் இருந்தால் சுடர் பளிச்சென்று பச்சையாகும். புகை நல்லதில்லை, மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள். ஒரு கட்டிலிருந்து ஒரு துண்டைச் சோதித்தால் போதும். வளையாமல் விறைப்பாக இருக்கும் மைலார் (ஒருவகைப் பாலியஸ்டர் தாள்) ஃபிளிப்புகள் இதில் தேறிவிடும். ஆனால் அவை விறைப்பானவை, ஓரத்தில் கீறும். அதனால் காசை உள்ளே சறுக்கித் தள்ளாமல், வாயை விரித்து இறக்க வேண்டும்.

அட்டை ஹோல்டர்களை, அதாவது நடுவில் மைலார் ஜன்னல் வைத்த 2 அங்குலச் சதுரங்களை, நான் இன்னும் விடவில்லை. நயா பைசா வரிசை முழுவதும் அதில்தான் இருக்கிறது. விலை குறைவு, அட்டையிலேயே வருடமும் அச்சகக் குறியும் எழுதிக்கொள்ளலாம். கடலோரத்தில் இதன் பலவீனம் ஸ்டேப்ளர் பின். சாதாரணப் பின் சில மழைக்காலங்களில் துருப்பிடித்து, துரு அட்டையில் ஊறி ஜன்னலை நோக்கி நகரும். துருப்பிடிக்காத எஃகுப் பின் கிடைத்தால் அதையே போடுங்கள். அடித்த பின்னைக் குறடால் தட்டையாக நசுக்கிவிட்டால் பக்கத்து ஹோல்டரைக் கீறாது. பசை தடவிய வகையில் பின் தொல்லை இல்லை, ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் பசை இளகி ஓரமாக வழிவதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் அளவை ஒரு படி பெரிதாக எடுத்தால் காசுக்கும் பசைக்கும் இடைவெளி கிடைக்கும்.

இனி கேப்சூல். நான் பயன்படுத்திய கடினமான கேப்சூல்கள் அக்ரிலிக் அல்லது பாலிஸ்டைரீன். இரண்டுமே காசுக்குக் கெடுதல் செய்யாதவை. வித்தியாசம் பிளாஸ்டிக்கின் ஆயுளில்தான் தெரிந்தது. வெளிச்சம் படும் அலமாரியில் இருந்த மலிவு பாலிஸ்டைரீன் வருடங்கள் போகப்போக லேசாக மஞ்சள் தட்டியது. அக்ரிலிக் தெளிவாகவே இருக்கிறது. இருட்டில் பெட்டிக்குள் இருப்பவற்றில் இரண்டுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. கேப்சூலின் மேல் தூசியைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மெல்லிய கோடுகள் விழும், ஊதித் தள்ளுவதே நல்லது.

அளவுதான் நம் ஊர் சேகரிப்பாளருக்குப் பெரிய சோதனை. கடைகளில் வரும் கேப்சூல்கள் பெரும்பாலும் யூரோவுக்கும் அமெரிக்க டாலருக்கும் அளவெடுத்துச் செய்தவை. சில இடங்களில் அதுவே நமக்கு அதிர்ஷ்டம். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஏறத்தாழ 30.5 மி.மீ.; அமெரிக்க அரை டாலர் 30.6. ஆகவே அரை டாலர் கேப்சூல் நம் விக்டோரியா, ஜார்ஜ் ரூபாய்களுக்கு அனேகமாக அச்சாகப் பொருந்தும். சில ரூபாய்கள் மயிரிழை பெரிதாக இருக்கும். அவற்றை அழுத்தி உட்கார வைக்காமல் 31 மி.மீ. கேப்சூலுக்குப் போய்விடுங்கள். 1 யூரோ 23.25 மி.மீ., நம் பழைய செம்பு நிக்கல் ஐந்து ரூபாய் 23 மி.மீ. விட்டத்தில் பொருந்திவிடும். ஆனால் 9 கிராம் எடையுள்ள அந்த ஐந்து ரூபாய் தடிமனானது, ஆழம் குறைந்த கேப்சூலில் மூடி முழுதாக இறங்காது. வாங்கும்போது விட்டத்தை மட்டும் கேட்காமல் ஆழத்தையும் கேளுங்கள். 10 ரூபாய் 27 மி.மீ.; பன்னிரண்டு பக்கம் கொண்ட 20 ரூபாயும் 27தான். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் நாணயங்களில் இரண்டு ரூபாய் பதினொரு பக்கம் கொண்டது, 26 மி.மீ.; அதற்கு 27 வாங்கினால் நிம்மதி. சதுர ஐந்து பைசா, இரண்டணா போன்றவற்றை மூலைக்கு மூலை அளக்க வேண்டும். பூ விளிம்பு பத்து பைசாவின் இதழ்கள் வட்டக் கேப்சூலின் சுவரில் பல இடங்களில் தொட்டு நிற்கும், ஆடாது. அளக்க வெர்னியர் அளவுகோல் வாங்குவதானால் பிளாஸ்டிக் தாடை உள்ளதாக வாங்குங்கள். எஃகுத் தாடை விளிம்பில் தடம் விடும்.

சின்னக் காசுகளையும் ஒழுங்கற்ற காசுகளையும் வைக்க, உள்ளே நுரை வளையம் கொண்ட 50 மி.மீ. சதுரக் கேப்சூல் வசதி. நுரை பாலிஎத்திலீன் ஆக இருக்க வேண்டும். சாதாரண ஸ்பாஞ்சும் ரப்பரும் கந்தகம் விடும், வெள்ளி கறுக்கும். (ரூபாய்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.) ஆற்காடு ரூபாய் மாதிரி அகலம் குறைந்து தடித்த காசுகளுக்கு நுரையை நாமே வெட்டிக்கொள்ளலாம். நுரை வளையத்தின் குறை, விளிம்பை மறைத்துவிடும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ஜார்ஜ் ரூபாய்களில் பாதுகாப்பு விளிம்பு (விளிம்பின் நடுவே ஓடும் பள்ளம்) இருக்கிறது, அதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் திறக்க வேண்டியிருக்கும். விளிம்பு பேசும் காசுகளுக்கு வளையமில்லாத, நேரடி அளவுக் கேப்சூலே என் தேர்வு.

அப்புறம், மூடும் நேரம். என் அனுபவத்தில் காசின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இதுதான். "காத்துகூடப் போகாது சார்" என்று சொல்லி விற்பார்கள். சாதாரணக் கேப்சூல் எதுவும் முழுக்கக் காற்றுப் புகாததாக இருப்பதில்லை, காற்று மெதுவாகத்தான் போய்வரும், அவ்வளவே. அந்த மெதுவான போக்கே நமக்கு எதிராகவும் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்தே அடைத்து வைக்கிறோம். நான் ஆனி மாதத்தில் மேல்காற்று வீசும் முற்பகலில், கடல் காற்று திரும்புவதற்கு முன்னால், இந்த வேலையை வைத்துக்கொள்கிறேன். காசை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஓரிரண்டு நாள் காயவைத்து, மேசையில் மெத்தென்ற துண்டை மடித்து விரித்து, விளிம்பை மட்டும் பிடித்து எடுத்து, ரப்பர் ஊதியால் தூசி தள்ளி, உடனே மூடிவிடுவேன். பேசிக்கொண்டே செய்தால் எச்சில் துளி தெறிக்கும். அப்போது தெரியாது, பிறகு கரும்புள்ளியாக வந்து நிற்கும். பருத்திக் கையுறையில் பிடி வழுக்கும், கழுவிக் காயவைத்த விரல்களே எனக்குச் சரி. மூடிய கேப்சூல்கள் இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு. நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது சூடுபடுத்திக் காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.

இப்படி வைத்த வெள்ளி ரூபாய்களும் செம்பு நிக்கல் நாணயங்களும் வைத்தபடியே இருக்கின்றன. அலுமினியக் காசுகளுக்கும், மூன்று பைசா, அறுகோண இருபது பைசா போன்றவற்றுக்கு, கேப்சூல் நிச்சயமாக உதவியது. வெளியில் இருந்தவற்றில் உப்புக் காற்று பட்டு வெள்ளைப் பொடி பூத்தது.

பழைய செம்புக்கு இதே பேச்சு பொருந்தாது. சோழர் காசு, நாயக்கர் காசு எல்லாம் பெரும்பாலும் மண்ணிலும் ஆற்று மணலிலும் கிடந்து வந்தவை, உள்ளே குளோரைடு தங்கியிருக்கலாம். வெளிர் பச்சையில், தொட்டால் உதிரும் பொடி தெரிந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை, தொடர்ந்து தின்னும் நோய். அதைக் கேப்சூலில் மூடினால் கண்ணுக்கு மறைவாக நடக்கும். இவற்றை நான் மூடாமல், திறந்த தட்டுகளில், சிலிக்கா ஜெல் நிறைந்த டப்பாவில் வைக்கிறேன்; டப்பாவுக்குள் ஒரு சின்ன ஈரமானி, 40 சதவீதத்தைத் தாண்டவிடுவதில்லை. கெட்டியாக, வழவழப்பாக, அசையாமல் இருக்கும் கரும்பச்சைக் களிம்பு நல்லது, அதைத் தேய்க்காதீர்கள். புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று ஆக்கிய சோழர் காசைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. ஆயிரம் வருடத்து மேல்தோலை உரித்துவிட்டார்கள்.

ஈயக் காசு இன்னும் நுட்பம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட ஈயக் காசுகள் எங்கள் கடற்கரைப் பக்கம் சேகரிப்பாளர்களிடம் புழங்குகின்றன. மரமும் அட்டையும் விடும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். ஆகவே அட்டை ஹோல்டர், மரப் பீரோ இரண்டும் இவற்றுக்கு ஆகாது. நேரடி அளவு அக்ரிலிக் கேப்சூல், பிளாஸ்டிக் பெட்டி, இரும்பு அலமாரி. இது ஒன்றில் நான் எந்தச் சமரசமும் செய்வதில்லை.

என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் காசைத் தரமிட்டுச் சீல் வைத்துத் தரும் ஸ்லாப் என்ற பிளாஸ்டிக் கூடு பற்றியும் கேட்பார்கள். 1939ஆம் வருடத்து ஜார்ஜ் ரூபாய் மாதிரி போலி நிறைய உலவும் அரிய காசுக்கு அது தேவை. சாதாரண ரூபாய்க்குக் காசைவிடச் செலவு அதிகமாகிவிடும். ஸ்லாப்பும் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, அதையும் ஜெல் போட்ட பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கடைசியாக 44 மி.மீ. நினைவு நாணயங்கள். 2003இல் வந்த காமராஜர் நூறு ரூபாய் இந்த அளவு, எடை 35 கிராம், பாதி வெள்ளி. அட்டை ஹோல்டரில் இவை நுழையாது, வெளிநாட்டு ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கான கேப்சூலும் சிறிது. 44 என்று குறிப்பிட்டே கேட்டு வாங்க வேண்டும். அச்சகமே கேப்சூலில் போட்டுக் கொடுத்திருந்தால் நான் திறப்பதில்லை. வெல்வெட் பெட்டியிலிருந்து கேப்சூலை மட்டும் எடுத்து, ஜெல் போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிவிடுகிறேன், ஏனென்றால் துணியும் பசையும் அட்டையும் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. பெட்டியையும் கூட வந்த தாள்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறகு விற்கவோ மாற்றவோ நினைத்தால் எதிராளி முதலில் கேட்பது அவற்றைத்தான்.