சில்வர் ஈகிள்: தரச்சான்றுக்கு அனுப்பலாமா, அப்படியே வைக்கலாமா?

அமெரிக்க சில்வர் ஈகிள் என்ற வெள்ளி நாணயம் 1986 முதல் வருகிறது. ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளி. இதை பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நாணயத் தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பினால் 70-க்கு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள்.

அனுப்பத் தூண்டுவது அந்த 70 தான். ஆனால் நாணயச்சாலையிலிருந்து நேராக வரும் புது நாணயங்களில் பெரும்பாலானவை 69 அல்லது 70 வாங்கிவிடும். சாதாரண ஆண்டு நாணயம் 69-உடன் திரும்பினால், கட்டணமும் தபால் செலவும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும். லென்ஸை வைத்து நாணயத்தில் உள்ள லிபர்ட்டி என்ற பெண் உருவத்தின் முகத்தையும் விளிம்பையும் பாருங்கள். மயிரிழைக் கீறல் ஒன்று தெரிந்தாலும் 70-ஐ மறந்துவிடலாம்.

அப்படியே வைப்பதில் செலவு குறைவு, கையிலெடுத்து ரசிக்கவும் முடியும். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பிவிசி உறை மட்டும் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். காற்றுப் புகாத கேப்ஸ்யூல் போதும். அப்புறம், வெள்ளியில் வரும் பால்புள்ளிகள், அதாவது வெண்மையான கறைகள், சான்று பெற்ற உறைக்குள்ளும் வரும்.

1995-இல் வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையில் அடித்த புரூஃப், அதாவது சேகரிப்பாளர்களுக்கென்று பளபளப்பாக அடித்த நாணயத்தின் கதை வேறு. மொத்தமே 30,125 தான். அது கையில் இருந்தால் நான் யோசிக்காமல் அனுப்புவேன். அங்கே மதிப்பெண்ணோடு அசல் என்ற உறுதிக்கும் விலை உண்டு.