பிக்சல் கன்ட்ரோலருடன் நான்கு சீசன்: போர்டு வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

இந்த வருஷ விளக்குகளை இறக்கி, சுருட்டி, ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைத்தாயிற்று. பாட்டுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் ஓட்டும் பண்டிகை அலங்காரம் போடத் தொடங்கி இது நான்காவது சீசன். முதல் வருஷம் ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை சிப் போர்டு மட்டும், அதற்குப் பிறகு மூன்று சீசனாக, விளக்குச் சரங்களுக்கு டேட்டா அனுப்பும் ஒரே 16 போர்ட் கன்ட்ரோலர் போர்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: மொத்தம் இவ்வளவு பிக்சல் (தனித்தனியே நிறம் மாற்றக்கூடிய விளக்கு), எந்த கன்ட்ரோலர் வாங்கலாம்? நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் வீட்டு முகப்பை ஒரு காகிதத்தில் வரையச் சொல்கிறேன். ஒவ்வொரு வரிசையும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, கன்ட்ரோலர் பெட்டி எங்கே உட்காரும், பெட்டியிலிருந்து ஒவ்வொரு தொடக்கத்துக்கும் எத்தனை மீட்டர் ஒயர். இது கையில் இருந்தால் எந்த போர்டு என்பது முக்கால்வாசி முடிவாகிவிடும்.

முதல் வருஷம் 300 பிக்சல், கூரை விளிம்பில் ஒரே வரிசை. சீரியல் செட்டில் எல்லா பல்பும் சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும். பிக்சலில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சின்ன சிப் இருக்கிறது, அது தனக்கான நிறத்தை எடுத்துக்கொண்டு மீதி டேட்டாவை அடுத்ததற்குத் தள்ளிவிடும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் கொடுக்கலாம். ஈஎஸ்பி32-இல் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளை ஏற்றி, அன்று மாலையே போனிலிருந்து வண்ணம் ஓட்டிப் பார்த்தேன். தொட்டுப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பாட்டோடு சேர்க்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது. எக்ஸ்லைட்ஸ் என்ற மென்பொருளில் சீக்வன்ஸ் (எந்த நொடியில் எந்த விளக்கு எப்படி எரியும் என்ற பட்டியல்) செய்து லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாக அனுப்பினேன். இந்த டேட்டா யூடிபி என்ற நெட்வொர்க் முறையில் போகிறது, வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் தொலைந்ததுதான், திரும்ப வராது. மேசை மேல் வைத்து ஓட்டியபோது அழகாக ஓடியது, சுவருக்கு வெளியே மாட்டியதும் தாளத்துக்கு நடுவே உறைந்து நின்று அப்புறம் தாவியது. இரண்டு வாரம் சீக்வன்ஸில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். ஈதர்நெட் உள்ள ஈஎஸ்பி32 போர்டுக்கு மாறி கேபிள் இழுத்த அன்றே சரியாகிவிட்டது. பாட்டோடு ஓட்டும் எண்ணம் இருந்தால் நெட்வொர்க் கேபிள் மாட்ட இடமில்லாத கன்ட்ரோலரை வாங்காதீர்கள்.

சரி, கணக்கு. டபிள்யூஎஸ்2811 என்ற சிப் உள்ள வகையில் பிக்சலுக்கு 24 பிட், வேகம் விநாடிக்கு 8 லட்சம் பிட், ஆக ஒரு பிக்சலுக்கு 30 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 40 ஃபிரேம், அதாவது 40 தடவை எல்லா நிறத்தையும் புதுப்பித்து, ஓட்ட ஒரு ஃபிரேமுக்கு 25 மில்லி விநாடி கிடைக்கிறது, அதற்குள் ஒரு போர்ட்டில் சுமார் 800 பிக்சல் தள்ளலாம். 20 ஃபிரேம் போதும் என்றால் 1,600. போர்டு விவரத்தில் போடும் பெரிய எண்கள் இப்படி வருபவைதான், அவற்றில் தவறில்லை. ஆனால் கரண்ட் அதற்கு வெகு முன்பே கையைக் கட்டிவிடும். 12 வோல்ட் புல்லட் பிக்சல் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 100 பிக்சலுக்கு 6 ஆம்பியர். என் போர்டில் போர்ட்டுக்கு ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ். அதாவது முழு வெளிச்சத்தில் 80 பிக்சலிலேயே எல்லை வந்துவிடுகிறது. நல்லவேளையாக அந்த வெளிச்சம் தேவையே இல்லை, இருட்டில் கண் கூசும். நான் 30 சதவீதத்தில்தான் ஓட்டுகிறேன், அப்படி 200 பிக்சல் 3.6 ஆம்பியரில் அடங்கிவிடுகிறது. உச்ச வெளிச்சத்தை கன்ட்ரோலரிலேயே குறைத்து வையுங்கள். நான் சீக்வன்ஸில் மட்டும் குறைத்திருந்தேன், ஒரு நாள் சோதனைக்காக எல்லாவற்றையும் வெள்ளையாக எரியவிட்டதும் இரண்டு ஃப்யூஸ் போயிற்று.

என் இரண்டாம் வருஷக் கணக்கு இது: கூரைக்கு 300, நான்கு ஜன்னலுக்கு 60 வீதம் 240, தோட்டத்தில் இரண்டு வளைவுக்கு 50 வீதம் 100, நடுவில் 50 பிக்சல் சரம் 16 கொண்ட கூம்பு மரத்துக்கு 800. மொத்தம் 1,440. வேகக் கணக்கில் பார்த்தால் 2 போர்ட் போதும். மாட்டியபோது 12 ஆயிற்று. கூரைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று, மரத்துக்கு நான்கு, வளைவுக்கு இரண்டு, ஜன்னலுக்குத் தனித்தனியே நான்கு. ஜன்னல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கலாமே என்று தோன்றும். கோத்தால் ஒரு ஜன்னலின் கடைசிப் பிக்சலிலிருந்து அடுத்ததற்கு நீள ஒயர் இழுக்க வேண்டும், முதல் ஜன்னலில் ஒரு சிப் செத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் மூன்று ஜன்னலும் இருட்டு. தனி போர்ட்டில் இருப்பதால் போன வருஷம் ஒரு ஜன்னலில் அப்படி நடந்தபோது மற்ற மூன்றும் தன்பாட்டுக்கு எரிந்தன, நானும் மழை விட்ட பிறகே ஏணி போட்டேன். 8 போர்ட் போர்டோடு நின்றிருந்தால் அடுத்த வருஷமே இன்னொன்று வாங்கியிருப்பேன்.

5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதை போர்டு வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், பவர் சப்ளை அதைப் பொறுத்தது. என் முதல் வருஷக் கூரை 5 வோல்ட். வெள்ளை கொடுத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தால் தொடக்கம் பால் வெள்ளை, நடுவில் மஞ்சள் தட்டுகிறது, கடைசி இருபது முப்பது செங்கல் நிறம். ஏணியில் ஏறி மீட்டரை வைத்தேன். தொடக்கத்தில் 4.9, கடைசியில் 3.3. நீல எல்இடிக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் இருந்தாலே போதும், அதனால் வோல்டேஜ் இறங்கும்போது நீலம் முதலில் மங்குகிறது, சிவப்பு கடைசி வரை நிற்கிறது. தடிமனான இரண்டு ஒயரை இழுத்து நடுவிலும் கடைசியிலும் மறுபடி பவர் கொடுத்ததும், ஏணியில் நின்றபடியே பார்க்கிறேன், செங்கல் நிறம் அப்படியே வெள்ளையாகத் திரும்பியது. 12 வோல்ட்டில் ஒன்றிரண்டு வோல்ட் இறங்கினாலும் நிறம் மாறாது, நான் 100 பிக்சலுக்கு ஒரு தடவை பவர் கொடுக்கிறேன், போதுமானதாக இருக்கிறது. அதற்கு விலையும் உண்டு: அதே 60 மில்லி ஆம்பியர் 12 வோல்ட்டில் போகும்போது 100 பிக்சலுக்கு 72 வாட், 5 வோல்ட்டில் 30 வாட்தான். மிச்சம் எல்லாம் சூடாகப் போகிறது. வீட்டு முகப்பு அளவுக்குத் தூரம் இருந்தால் நான் 12 வோல்ட் பக்கம்.

என்னை அதிகம் படுத்தியது தூரம்தான். தோட்டத்து வளைவுகள் பெட்டியிலிருந்து 14 மீட்டர். பிக்சலிலிருந்து பிக்சலுக்குப் போகும்போது சிப் ஒவ்வொரு முறையும் சிக்னலைப் புதுப்பித்து அனுப்புகிறது, அதனால் பிக்சல்களுக்கு நடுவே பிரச்சினை இல்லை. போர்டிலிருந்து முதல் பிக்சல் வரை உள்ள வெறும் ஒயர்தான் பலவீனமான இடம். 5 மீட்டர் வரை எனக்கு எதுவும் ஆனதில்லை, 14 மீட்டரில் வளைவு முழுக்கப் பச்சையும் ஊதாவும் மின்னியது. ஈஎஸ்பி32 போன்றவை 3.3 வோல்ட்டில் டேட்டா அனுப்புபவை, அவற்றுக்கு 74எச்சிடி245 போன்ற சிப் வைத்து 5 வோல்ட்டுக்கு ஏற்றாவிட்டால் இதைவிடக் குறைந்த தூரத்திலேயே மின்ன ஆரம்பிக்கும். நான் கடைசியில் போனது ரிசீவர் வழி. கன்ட்ரோலரிலிருந்து ஆர்எஸ்-485 என்ற, நீள தூரம் தாங்கும் சிக்னல் கேட்5 நெட்வொர்க் கேபிளில் தோட்டம் வரை போகிறது, அங்கே நான்கு போர்ட் ரிசீவர் போர்டு ஒன்று அதை மறுபடி பிக்சல் டேட்டாவாக்குகிறது. அன்றிலிருந்து வளைவுகள் ஒரு தடவை கூட மின்னவில்லை. ஒரு எச்சரிக்கை: அந்த சாக்கெட் பார்க்க நெட்வொர்க் சாக்கெட் போலவே இருக்கும், ஆனால் அது நெட்வொர்க் இல்லை. அதைக் கொண்டுபோய் ஸ்விட்ச்சிலோ ரவுட்டரிலோ மாட்டினால் சாதனம் கெட்டுப்போகலாம். நான் அந்த கேபிள்களின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

பவர் சப்ளை 350 வாட், 12 வோல்ட், 29 ஆம்பியர் வகை இரண்டு. எழுதியிருப்பதில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. இரண்டு சப்ளை இருந்தால் இரண்டின் நெகட்டிவையும் இணைக்க வேண்டும், பாசிட்டிவை இணைக்கவே கூடாது. நெகட்டிவ் பொதுவாக இல்லாவிட்டால் டேட்டா நிலைக்காது, கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று நினைக்க வைக்கும். சில பவர் சப்ளையில் 115, 230 என்று பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு, கரண்ட் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். மெயின் லைனில் கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். ஈரத்தில் குழந்தைகள் ஓடும் இடம் அது.

ஓட்டுவதற்கு முதல் வருஷம் லேப்டாப், அது நடுவில் தூங்கிப்போகும். இரண்டாம் வருஷத்திலிருந்து ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரில் ஃபால்கன் பிளேயர் என்ற மென்பொருள். எக்ஸ்லைட்ஸிலிருந்து சீக்வன்ஸ் கோப்பை (எஃப்செக்) அதில் ஏற்றி, நேரம் குறித்துவிட்டால் தானே தொடங்கித் தானே அணையும். மூன்று சீசனில் ஒரே ஒரு முறை மெமரி கார்டு செத்தது. இன்னொரு கார்டில் நகல் இருந்ததால் பத்து நிமிஷத்தில் மீண்டும் ஓடியது. கன்ட்ரோலருக்கு டேட்டா இ1.31 என்ற நெட்வொர்க் முறையில் போனால் ஒரு யுனிவர்ஸில் (டேட்டா தொகுதியில்) 512 சேனல், பிக்சலுக்கு நிறத்துக்கு ஒன்றாக மூன்று என்பதால் 170 பிக்சலோடு நின்றுவிடும், அடுத்த பிக்சல் அடுத்த யுனிவர்ஸ். அதில் ஒரு எண் தள்ளிப்போனால் ஜன்னலுக்கு வர வேண்டியது மரத்தில் எரியும். போர்டு டிடிபி என்ற இன்னொரு முறையை ஏற்றுக்கொண்டால் அதையே வையுங்கள், இந்தக் கணக்கே வேண்டாம்.

மூன்று சீசனில் போர்டு ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. போனதெல்லாம் கனெக்டர். உள்ளே ரப்பர் வளையம் இல்லாத மலிவு வகையில் தண்ணீர் இறங்கி, கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சைக் களிம்பு. எல்லாவற்றையும் திருகி மூடும் வாட்டர்புரூஃப் வகைக்கு மாற்றினேன், எல்லாம் ஒரே வகை, எல்லாவற்றிலும் ஒரே ஒயர் வரிசை. வெவ்வேறு முறை வாங்கிய சரங்களில் ஒயரின் நிறம் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பாதீர்கள், மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே சால்டர் செய்யுங்கள். பெட்டியில் எல்லா ஒயரும் அடிப்பக்கமாக நுழையட்டும், அடியில் ஒரு சின்ன வடிகால் துளையும் இருக்கட்டும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளே வேர்க்கும்.

தோட்டத்து ரிசீவரில் இன்னும் இரண்டு போர்ட் காலி. வாசல் தூண் இரண்டும் அதிலிருந்து 3 மீட்டர்தான், நேற்று டேப் வைத்து அளந்தேன், தூணுக்கு 75 பிக்சல் வீதம் சுற்ற வருகிறது. இந்த முறை சரம் வந்ததும் முதலில் மேசை மேல் இரண்டு நாள் எரியவிட்டுத்தான் மாட்டப்போகிறேன்.