பிரீத் அனலைசர் வாங்கப் போகிறீர்களா? ஆயிரம் ரூபாய்க் கருவி வேண்டாம்

குடித்த இரவில் காரை ஓரமாக நிறுத்தி, உள்ளேயே தூங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புபவர்களுக்குத்தான், ஊதினால் ஆல்கஹால் அளவைக் காட்டும் இந்தக் கருவி உண்மையில் பயன்படும். பாரை விட்டு வெளியே வரும்போது ஊதிப் பார்க்க எதுவும் இல்லை, விடை தெரிந்ததுதான். சிக்கல் காலையில். இரவு 1 மணிக்கு 100 மில்லி ரத்தத்தில் 120 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தால், மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைந்து 6 மணிக்கு 45-இல் நிற்கும். தலை தெளிந்த மாதிரி இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின் வரம்போ 30. மோரும் குளியலும் இந்தக் கணக்கை மாற்றாது.

அந்த 30 என்ற எண்ணில்தான் மலிவுக் கருவிகள் தோற்கின்றன. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் செமிகண்டக்டர் சென்சார் கொண்டவை. சிகரெட் புகை, பட்டினி கிடப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் மூச்சில் வரும் அசிட்டோன் எல்லாவற்றையும் ஆல்கஹாலாகக் காட்டிவிடும். நாளாக நாளாக அளவும் நகரும். பிழையே நம் வரம்பை நெருங்கிவிட்டால் அப்புறம் அளந்து என்ன பயன்? போதாக்குறைக்கு, பல கருவிகளின் சிவப்பு விளக்கு 0.05 சதவீதத்தில்தான் எரியும். இங்கே 0.03-ஐ (அதே 30 மில்லிகிராம்தான்) தாண்டினாலே வழக்கு.

ஃப்யூயல் செல் கருவியே வாங்குங்கள். விலை பல மடங்கு. ஆனால் பிளாட்டினம் மின்முனையில் எத்தனால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது பிறக்கும் மின்னோட்டத்தை அளப்பதால் அசிட்டோனிடம் ஏமாறாது. வாங்கியதும் அலகைச் சதவீதத்துக்கு மாற்றுங்கள். மூச்சு அலகில் (மி.கி/லிட்டர்) விட்டுவைத்தால் நம் வரம்பு சுமார் 0.14 என்று தெரியும், குழப்பம்தான்.

கடைசியாகக் குடித்தோ மவுத்வாஷ் கொப்பளித்தோ 15 நிமிடம் கழித்தே ஊத வேண்டும். கையில் சானிடைசர் தடவிய உடனே கருவியைத் தொடக் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்தால் சென்சார் சீக்கிரம் கெடும்.

திரையில் வரும் எண் நீதிமன்றத்தில் செல்லாது. போலீஸ் கருவியும் ரத்தப் பரிசோதனையும்தான் சாட்சி. இன்னொன்று: 185-ஆம் பிரிவு ஓட்டுவதையும் ஓட்ட முயல்வதையும் குற்றம் என்கிறது, தூங்குவதை அல்ல. ஆனால் டிரைவர் சீட்டில், ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் 'முயன்றார்' என்று வாதிட இடம் கொடுக்கிறோம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ. பின் சீட்டில் படுங்கள், சாவியை இக்னிஷனில் விடாதீர்கள். மூடிய பார்க்கிங்கில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு வேறு உயிரை எடுக்கும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதுவும் போதாது: அங்கே போதையில் வண்டியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதே தனிக் குற்றம், ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

வாங்குமுன் கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: காலிபரேஷன் (அளவு சரியா என்று பார்த்துத் திருத்துவது) எங்கே, என்ன செலவு? பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும். நம் ஊரில் அதற்கு வழியில்லாத மாடல் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.