வால்வைக் கழற்றிய பிறகும் பாடிய ஃபோனோ ப்ரீஆம்ப்: வாங்கும் முன் படியுங்கள்

குறைந்த விலையில் ஃபோனோ ப்ரீஆம்ப் (இசைத்தட்டுச் சுழற்றியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கிச் சீராக்கும் பெட்டி) தேடிக்கொண்டிருப்பவர்கள் என்னைப் போல ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் இணையத்தில் வாங்கிய பெட்டியின் விளம்பரம் மூன்று விஷயங்களைப் பெரிதாகச் சொன்னது: அது வால்வில் (சிக்னலைப் பெருக்கும் பழைய பாணிக் கண்ணாடிக் குழாய்) இயங்குகிறது, எம்எம் (மூவிங் மேக்னட்), எம்சி (மூவிங் காயில்) ஆகிய இரு வகைக் கார்ட்ரிட்ஜுகளுக்கும் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பொருந்தும், ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன் (பதிவில் மாற்றிய ஒலி அளவுகளைப் பழையபடி சரிசெய்வது) துல்லியமாக அமைந்துள்ளது. மூன்றுமே பொய் என்று தெரியவர எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு அதற்குள் முடிந்துவிட்டது.

முதல் நாளே ஒலி சரியில்லை. தாள வாத்தியங்களின் அடித்தொனி அறவே கேட்கவில்லை. பாடுபவர் ‘ஸ’ என்ற ஒலியைத் தொட்ட இடமெல்லாம் காதைக் கீறியது. இசைத்தட்டில் இருந்த சிறு தூசிகூடக் கடுகு பொரிவதுபோலப் பெரிதாகக் கேட்டது. இவற்றுக்கு அடியில் ஓயாத ஒரு ஹம், அதாவது தாழ்ந்த ரீங்காரம். விற்றவருக்கு எழுதினேன். ஊசி தேய்ந்திருக்கும், மாற்றிப் பாருங்கள் என்றார். புதிய ஊசி வாங்கி மாற்றினேன். தட்டுகள் பழையவை, கழுவிப் பாருங்கள் என்றார். ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்தேன். சில வாரங்கள் ஓடினால் வால்வு பதமாகிவிடும் என்றும் சொன்னார். ஒவ்வொரு பதிலும் நான்கைந்து நாள் கழித்தே வந்தது. கெடு முடியும்வரை அவர் நாளைக் கடத்துகிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தட்டுகள்தாம் கெட்டுவிட்டன என்று நம்பி, நல்ல நிலையில் இருந்த சிலவற்றை வேண்டாம் என்று கொடுத்தும்விட்டேன். செலவான பணத்தைவிட அதுதான் இன்றும் வலிக்கிறது.

கடைசியில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். முதலில் ஒரு விளக்கம்: இசைத்தட்டைப் பதியும்போது தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிகிறார்கள். இல்லையென்றால் தாழ்ந்த ஒலிகளால் தட்டின் வரிப்பள்ளங்கள் அகன்று ஒன்றோடொன்று மோதும், உயர்ந்த ஒலிகள் தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். நிறுவனத்துக்கு ஒன்றாக இருந்த அந்த அளவுகள் 1954 வாக்கில் ஆர்ஐஏஏ என்னும் ஒரே வளைகோட்டுக்கு வந்தன. அதை நேர் எதிராகத் திருப்பித் தருவதும், கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்குவதும் சேர்ந்ததுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 100 ஹெர்ட்ஸ் சுமார் 13 டெசிபல் கூடுதலாகவும், 10,000 ஹெர்ட்ஸ் சுமார் 14 டெசிபல் குறைவாகவும் வெளிவர வேண்டும். நண்பர் மூன்றையும் ஒரே அளவில் உள்ளே செலுத்தி அளந்தார். மூன்றும் ஒரே அளவில் வெளியே வந்தன. ஈக்வலைசேஷன் என்ற பேச்சுக்கே அந்தப் பெட்டியில் இடமில்லை.

பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே இரண்டு வால்வுகளையும் மெல்ல அசைத்துக் கழற்றி மேசையில் வைத்தார். பாட்டு நிற்கவில்லை, சற்றும் மாறவில்லை. கண்ணாடிக்குள் தணல்போலத் தெரிந்த வெளிச்சம், வெறும் சாக்கெட்டின் நடுத்துளையில் அப்படியே எரிந்தது: அடியில் ஆரஞ்சு நிற எல்இடி. (12 வோல்ட் அடாப்டரில் ஓடிய பெட்டி என்பதாலும், அவர் முன்பே உள்ளே திறந்து பார்த்திருந்ததாலும்தான் இதைச் செய்தார், உண்மையான வால்வுக் கருவிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கும், யாரும் முயலாதீர்கள்.) எம்எம்–எம்சி சுவிட்சின் கால்கள் எந்தக் கம்பியோடும் சேர்க்கப்படவில்லை. எர்த் வயரை மாட்டும் திருகு, மின்தொடர்பே இல்லாமல் பெயின்ட் அடித்த தகட்டில் சும்மா முறுக்கப்பட்டிருந்தது. ஹம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் இவற்றைச் சோதித்துவிடுங்கள். எம்சி கார்ட்ரிட்ஜின் வெளியீடு எம்எம்மில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. அதை ஈடுகட்ட எம்சி பக்கத்தில் பெருக்கம் அதிகம். ஆகவே ஒலியை நன்றாகக் குறைத்துவைத்துக்கொண்டு சுவிட்சை எம்சி பக்கம் தள்ளினால், எம்எம் கார்ட்ரிட்ஜின் ஒலி பல மடங்கு எகிற வேண்டும். எகிறவில்லை என்றால் அந்தச் சுவிட்ச் பொம்மை. ஃபோனோ உள்ளீடு உள்ள பழைய ஆம்ப்ளிஃபயர் யாரிடமாவது இருந்தால், அதே தட்டை அதில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இந்த ஒன்றை முதல் வாரத்திலேயே செய்திருந்தால் நான் ஊசியும் வாங்கியிருக்க மாட்டேன், தட்டுகளையும் இழந்திருக்க மாட்டேன். விற்பவர் எந்தச் சமாதானம் சொன்னாலும், கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவுசெய்துவிட்டு அதன்பிறகு பேசுங்கள்.

மலிவு என்பதே குற்றமில்லை. இப்போது என்னிடம் இருப்பதும் மலிவான பெட்டிதான்: வால்வு கிடையாது, எம்சி கிடையாது. ஆனால் 47 கிலோ ஓம் உள்ளீடு, 40 டெசிபல் பெருக்கம், ஆர்ஐஏஏ விலகல் எத்தனை டெசிபல் என்பதெல்லாம் குறிப்பேட்டில் எண்ணாக அச்சிடப்பட்டிருக்கின்றன. என்னை ஏமாற்றிய விளம்பரத்தில் இப்படி ஓர் எண்கூட இல்லை. அதே படம் இப்போது வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது: கறுப்புப் பெட்டி, முன்பக்கம் இரண்டு வால்வுகள், அவற்றின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பரவும் ஆரஞ்சு வெளிச்சம்.