எடைக்குப் போடுவதா, வடிவத்துக்கு விற்பதா? மாமியாரின் வெள்ளிக் கரண்டிப் பெட்டி

என் மாமியார் மாசசூசெட்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது, சாப்பாட்டு அறை அலமாரியின் அடித்தட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே கருக்காமல் காக்கும் பழுப்புத் துணிக்கு நடுவில் பன்னிரண்டு பேருக்கான முள்கரண்டிகள், தேக்கரண்டிகள், கத்திகள், கூடவே சில பரிமாறும் கரண்டிகள். இருபது ஆண்டுகளில் அவை மேசைக்கு வந்து நான் பார்த்தது இரண்டு முறைதான். நம் வீட்டு பீரோவில் வெள்ளித் தட்டு 'நல்ல நாளுக்கு' என்று தூங்குமே, அதே கதை.

எனக்குத் தெரிந்த ஒரே வழி ஊர் வழக்கம்: தராசில் வை, எடைக்குப் போடு, செய்கூலி போனால் போகட்டும். அமெரிக்காவில் அது அவசரக்காரர்களின் வழி என்பது மெல்லத்தான் புரிந்தது. இங்கே சில கரண்டிகளுக்குச் செய்கூலி திரும்பக் கிடைக்கும். சிலவற்றுக்கு ஒருபோதும் கிடைக்காது. எதற்குக் கிடைக்கும் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில், அது வெள்ளிதானா? பெட்டியில் இரண்டு ரகம் கலந்து கிடந்தது. ஒரு கட்டுக் கரண்டிகளில் '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்று பொறித்திருந்ததைப் பார்த்து என் கணவர் துள்ளிக் குதித்தார். 1847 செய்த ஆண்டல்ல. வணிகப் பெயரின் ஒரு பகுதி. அது வெள்ளி முலாம் பூசிய சரக்கு. 'ஏ1', 'இ.பி.என்.எஸ்.', 'குவாட்ரூபிள் பிளேட்' என்றிருந்தாலும் முலாம்தான். 'ஜெர்மன் சில்வர்', 'நிக்கல் சில்வர்' இரண்டிலும் பெயரில் மட்டுமே வெள்ளி. இவற்றை எடைக்குக்கூட யாரும் கேட்பதில்லை.

இன்னொரு கட்டுக் கரண்டிகளின் முதுகில் சிங்கம், நங்கூரம், 'ஜி' எழுத்து. சிங்கம் என்றதும் இங்கிலாந்துச் சரக்கு என்று நினைத்துவிட்டோம். நடக்கும் சிங்கம் 'ஸ்டெர்லிங்' என்ற தர வெள்ளிக்கு பிரிட்டனில் இடும் முத்திரை, நங்கூரம் பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் குறி; ஆகவே நினைத்ததில் தவறில்லை. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பிராவிடன்ஸ் நகரில் 1831இல் தொடங்கிய கோரம் நிறுவனத்தின் சொந்த அடையாளம். பிரிட்டனில் இருப்பதுபோல் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் கட்டாய ஏற்பாடு அமெரிக்காவில் இல்லை. இங்கே நம்ப வேண்டியது 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லை, அல்லது 925 என்ற எண்ணை. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. காந்தத்தை வைத்துப் பார்ப்பது பாதிச் சோதனைதான். ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் நிக்கல் சில்வராகவும் இருக்கலாம்.

இனி வழிகள். எடைக்குப் போடுவதுதான் மிக வேகமானது. கடைக்குள் நுழைந்து அரை மணியில் பணத்தோடு வரலாம். எங்கள் முள்கரண்டிகளும் தேக்கரண்டிகளும் சேர்ந்து 1,300 கிராம். நாங்கள் செய்த முதல் தவறு சமையலறைத் தராசில் நடந்தது. அது காட்டிய அவுன்ஸ் 28.35 கிராம், வெள்ளிக்கு விலை சொல்லும் டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். 45.9 என்று மகிழ்ந்திருந்தோம், உண்மையில் 41.8. அதிலும் 92.5 சதவீதம்தான் வெள்ளி என்பதால் 38.7 அவுன்ஸ். கணக்குக்காக அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,160 டாலர். கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார், அது நியாயம்.

நியாயமில்லாத ஒன்றையும் பார்த்தோம். பெயர் வேண்டாம், ஒரு கடையில் தராசு 836 என்று காட்டியது. அது பென்னிவெயிட் என்ற அளவு. ஒன்று ஏறத்தாழ 1.56 கிராம். விலையை மட்டும் கிராமுக்குச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போயிருக்கும். வீட்டிலேயே கிராமில் எடைபோட்டு, தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

கத்திகளில் ஏமாறுவது நாமேதான். கனமாக இருக்கும். ஆனால் அலகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கைப்பிடி உள்ளே பொள்ளல், அதில் சிமெண்டோ தாரோ அடைத்திருப்பார்கள். வெள்ளி மேல் ஓடு மட்டும். ஒரு கத்திக்கு அரை அவுன்ஸ் என்று கணக்கிட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வரலாம்.

அடுத்தது வடிவம் பார்த்து வாங்குபவர்கள். நம் ஊரில் இதற்கு இணையான வியாபாரம் எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே கரண்டியின் பிடியில் இருக்கும் வேலைப்பாட்டுக்குத் தனிப் பெயர் உண்டு. எங்களுடையது 'சாண்டிலி', கோரம் 1895இல் கொண்டுவந்தது. மற்ற வெள்ளி நிறுவனங்களில், ரீட் அண்ட் பார்ட்டனின் 'பிரான்சிஸ் தி பர்ஸ்ட்' 1907, வாலஸின் 'கிராண்ட் பரோக்' 1941. பாட்டி காலத்துப் பெட்டியில் இரண்டு முள்கரண்டி தொலைந்துபோனவர்கள் அதே வடிவத்தைத் தேடி வருவார்கள். அவர்களை நம்பியே வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1981 முதல் ரிப்ளேஸ்மெண்ட்ஸ் என்ற நிறுவனம் நடக்கிறது. வாங்கவும் செய்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள்.

வடிவத்தின் பெயர் பெரும்பாலும் கரண்டியில் இருக்காது. முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாண்டிலி அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற வடிவங்களில் ஒன்று. அதனால் கேட்பவரும் அதிகம், கொடுப்பவரும் அதிகம். சாதாரணத் தேக்கரண்டிக்கு எடை விலைக்கு மேல் பெரிதாக எதுவும் வரவில்லை. செய்கூலி திரும்பி வந்தது பரிமாறும் கரண்டிகளில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது: சிப்பிக்கு ஒரு முள், ஸ்ட்ராபெரிக்கு ஒரு முள், மத்தி மீனுக்கு ஒன்று, தக்காளித் துண்டை எடுக்க ஒன்று. 1920களில் வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் தலையிட்டு, ஒரு புதிய வடிவத்துக்கு 55 வகைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போயிருந்தது. ஐந்து விரலால் சாப்பிடும் பரம்பரையில் வந்த எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்த அபத்தக் கருவிகள் குறைவாகவே செய்யப்பட்டன என்பதால் இன்று அவற்றுக்குத்தான் விலை.

பிடியில் குடும்ப எழுத்து பொறித்திருந்தால் வடிவம் பார்த்து வாங்குபவர்கள் விலையைக் குறைப்பார்கள். அதற்காக எழுத்தைத் தேய்த்து அழிக்கக் கூடாது; வெள்ளி மெலிந்துவிடும், தழும்பும் தெரியும்.

ஏல நிறுவனம், அமெரிக்காவின் டிபானி, டென்மார்க்கின் ஜார்ஜ் ஜென்சன் போன்ற பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் வெள்ளிக்கு ஏற்றது. சாதாரணப் பெட்டியை அங்கே கொண்டுபோனால் நாலைந்து பெட்டிகளோடு சேர்த்து ஒரே தொகுப்பாகத் தள்ளிவிடுவார்கள். விற்பவரிடமும் கழிவு, வாங்குபவரிடமும் கூடுதல் கட்டணம்.

இணையத்தில் நாமே விற்பதில் மொத்தத் தொகை அதிகம், உழைப்பும் அதிகம். தளத்தின் கட்டணம், காப்பீட்டோடு தபால் செலவு, 'படத்தில் கீறல் தெரியவில்லையே' என்று திருப்பி அனுப்புபவர் எல்லாம் உண்டு. நான் பரிமாறும் கரண்டிகளை மட்டும் இப்படி ஒவ்வொன்றாக விற்றேன். படம் எடுப்பதற்கு முன் பளபளவென்று தேய்க்க வேண்டும் என்று தோன்றும். அமிலக் கரைசலில் முக்கினால் வேலைப்பாட்டின் பள்ளங்களில் படிந்த கருமையும் போய் மொட்டையாகிவிடும். பழம்பொருள் வாங்குபவர்களுக்கு அந்தக் கருமை வேண்டும்.

எந்த வழியானாலும் எடை விலையை அன்றைய சந்தை விலையில் முதலில் போட்டு வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு என்று கேட்பதே என் முறை. வெள்ளி விலை ஏறும்போது வடிவத்துக்கும் எடைக்கும் உள்ள இடைவெளி மறைந்துவிடும். 1980 ஜனவரியில், டெக்சாஸின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்த காலத்தில், அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. பாட்டி கொடுத்த பெட்டிகளோடு மக்கள் வரிசையில் நின்றார்கள். எத்தனையோ நல்ல வடிவங்கள் உலைக்குப் போயின. மார்ச் 27 அன்று, இன்றும் 'வெள்ளி வியாழன்' என்று சொல்கிறார்கள், விலை 11 டாலர் அளவுக்குச் சரிந்தது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வரி பற்றி ஒரு வரி: வாரிசாக வந்த பொருளுக்கு, உரியவர் இறந்த நாளின் மதிப்பே உங்கள் அடக்க விலை. அன்றைய மதிப்பை எழுதி வையுங்கள்.

எங்கள் பெட்டி இப்படிப் பிரிந்தது: கத்திகளும் வளைந்த நான்கு முள்கரண்டிகளும் எடைக்கு, மற்ற முள்கரண்டிகள் வடிவம் பார்ப்பவரிடம், பரிமாறும் கரண்டிகள் இணையத்தில், 1847 கட்டு தேவாலயத்தின் பழம்பொருள் விற்பனைக்கு. தேக்கரண்டிகளுக்கு எடை விலைதான் என்றார்கள். அவற்றை விற்கவில்லை. தினமும் அவற்றில்தான் காபியில் சர்க்கரை கலக்குகிறோம், தயிர் சாப்பிடுகிறோம். முட்டைக்கு மட்டும் எவர்சில்வர் கரண்டி. முட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கிவிடுகிறது.